பல் வெளுக்கிறது, ஆனால் கூசுகிறதே டாக்டர்!

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வயது 29. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், “டீச்சர், உங்கள் பல் ஏன் மஞ்சளாக இருக்கிறது?” என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டான். அன்றே இணையத்தில் 49 ரிங்கிட்டுக்குப் பல் வெண்மையாக்கும் பெட்டி ஒன்றை வாங்கினேன். நீல விளக்கு, வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் ட்ரே, சிரிஞ்சில் ஜெல் ஆகியவை அதில் இருந்தன. ‘கார்பமைட் பெராக்சைடு 35 விழுக்காடு’ என்று அச்சிட்டிருக்கிறது. காலையும் இரவும் அரை மணி நேரம் வைத்தேன். நான்காம் நாள் ஐஸ் மைலோ குடித்தபோது கீழ் முன்பற்களில் சுரீரென்று வெட்டி இழுத்தது. ஈறு இரண்டு இடங்களில் வெளுத்துவிட்டது. பற்கள் கொஞ்சம் வெண்மையானது உண்மைதான். ஆனால் சிறுவயதில் கால்வாயில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல் ஒன்று முன்பைவிடக் கறுத்துத் தெரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சையும் உப்பும் போதும் என்கிறார். இந்த ஜெல் உண்மையில் வேலை செய்யுமா? கூச்சம் நிரந்தரமாகிவிடுமா? தொடரலாமா? என் அம்மா வெற்றிலை போடுபவர். மீதி ஜெல்லை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

இன்றிரவு ஜெல் வைக்காதீர்கள். கூச்சம் முழுவதும் அடங்கும்வரை நாளையும் வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் 5 விழுக்காடு கலந்த, கூச்சத்துக்கென்றே விற்கும் பற்பசையை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். இரவில் பல் துலக்கிய பிறகு அதை விரல் நுனியில் எடுத்துக் கூசும் பற்களில் தடவி, வாய் கொப்பளிக்காமல் படுத்துவிடுங்கள். ஐஸ் மைலோ, புளிப்பான அச்சார், எலுமிச்சைச் சாறு எல்லாம் சில நாள் காத்திருக்கட்டும்.

கூச்சம் நிரந்தரமாகாது. ஜெல்லால் வரும் கூச்சம் பெரும்பாலும் நிறுத்திய சில நாள்களில் தணிந்துவிடும். சிலருக்கு இரண்டு வாரம்வரை இழுக்கும். அதைத் தாண்டியும் நீடித்தாலோ, குளிர்ந்ததை விழுங்கிய பிறகும் வலி விடாமல் நின்றாலோ, இரவில் வலி எழுப்பினாலோ ஜெல்லை மட்டும் குறை சொல்ல முடியாது. சொத்தையோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈறு வெளுத்தது பெராக்சைடு பட்ட மேலோட்டமான புண். ஜெல் படாமல் விட்டால் தானாகப் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

இந்த மருந்து வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். இணையத்தில் விற்பதெல்லாம் மோசடி என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கும் ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. வீட்டிலேயே ட்ரேயில் ஜெல் வைத்துப் பல்லை வெண்மையாக்கும் முறை பல் மருத்துவத்திலிருந்து வந்ததுதான். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் ஈறு ஆறுவதற்காக ஒரு கிருமிநாசினி மருந்தை நோயாளிகளின் ட்ரேயில் இட்டுக் கொடுத்தார். ஈறு ஆறியதோடு பல்லும் வெளுத்தது. அந்த மருந்தில் இருந்தது 10 விழுக்காடு கார்பமைட் பெராக்சைடு. வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989இல் இந்த முறையை ஆய்விதழில் எழுதிய பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. அதே 10 விழுக்காடுதான் இன்றுவரை அதிகம் ஆராயப்பட்ட அளவாக நிற்கிறது.

உங்கள் பெட்டியில் இருப்பது 35. கார்பமைட் பெராக்சைடு உடைந்து யூரியாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. வெளுக்கும் வேலையைச் செய்வது இரண்டாவது. 10 விழுக்காடு ஜெல்லிலிருந்து ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். 35இலிருந்து ஏறத்தாழ 12. ஐரோப்பிய ஒன்றியம் பல் மருத்துவர் வழியாகக் கொடுப்பதற்கே 6 விழுக்காட்டை உச்சவரம்பாக வைத்திருக்கிறது, அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். நம் நாட்டில் கடையில் அழகுசாதனப் பொருளாக விற்கும் வாய்ப் பொருள்களுக்கு ஆசியான் விதிப்படி வரம்பு 0.1 விழுக்காடு. நீங்கள் காலையும் இரவும் வைத்தது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் முறைப்படி அறிவிக்கப்பட்ட அழகுசாதனப் பொருளுக்கு ‘என்ஓடி’ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. அதை மருந்து, அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். உங்கள் பெட்டியில் அந்த எண் இருந்தால் எனக்கு வியப்பாக இருக்கும்.

அளவு கூடினால் வெண்மையும் கூடுமே என்று நினைப்பது இயல்பு. வெண்மை சீக்கிரம் வருமே தவிரக் கூடுதலாக வராது. 10 விழுக்காட்டையும் 15, 16 விழுக்காட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் முதல் சில நாள்கள் வலுவான ஜெல் முந்துகிறது. வாரங்கள் கடந்ததும் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கூச்சத்தில் மட்டும் வலுவானதுதான் முன்னால் நிற்கிறது. உங்கள் தாத்தா பாட்டி தலைமுறையில் பால்மரம் சீவியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: கத்தியை ஆழமாக இறக்கினால் பால் பெருகாது, மரந்தான் காயப்படும்.

பல் ஏன் கூசுகிறது? பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. பல்லின் கடினமான மேலுறையான எனாமலைத் துளைத்து, அதன் கீழே இருக்கும் மஞ்சள் நிற டென்டினுக்குள் போய், அங்கே படிந்த நிறப் பொருள்களை உடைக்கிறது. வெளுப்பது அப்படித்தான், சுரண்டி அல்ல. ஆனால் டென்டினோடு நிற்காமல், சில நிமிடங்களில் பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் பற்கூழையும் எட்டிவிடுகிறது. அங்கே லேசான அழற்சி உண்டாகிறது. டென்டின் முழுவதும் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர்ந்த பானம் பட்டதும் அந்தத் திரவம் நகர்ந்து நரம்பைச் சுண்டுகிறது. சும்மா இருக்கும் நரம்பு இதைப் பொறுத்துக்கொள்ளும். அழற்சியில் இருக்கும் நரம்பு பொறுக்காது.

உங்களுக்குக் கீழ் முன்பற்களில் வந்ததில் வியப்பில்லை. வாயிலேயே சிறிய பற்கள் அவைதான். எனாமலும் டென்டினும் மெல்லியவை, பற்கூழ் மிக அருகில். அங்கே ஈறு சற்று இறங்கியிருந்தால் வேர் வேறு வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வேர் வெளுக்கவும் வெளுக்காது. எத்தனை சிரிஞ்சு ஜெல்லைக் கொட்டினாலும் அந்த மஞ்சள் கோடு அப்படியே இருக்கும்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ட்ரே உங்கள் பல்லுக்கென்று செய்ததல்ல. அது தளர்வாக இருப்பதால் எச்சில் உள்ளே வரும், ஜெல் வெளியே வழியும். ஈறு வெந்தது அதனால்தான். நீல விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். நிலைத்து நிற்கும் கூடுதல் வெண்மை எதுவும் அதனால் கிடைப்பதில்லை. பெட்டியைப் பார்ப்பதற்கு விஞ்ஞானம்போல் தோன்ற வைப்பதே அதன் முக்கியமான வேலை.

ட்ரேயைக் கழற்றியவுடன் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அந்த நேரத்து வெண்மையை அப்படியே நம்ப வேண்டாம். பல்லின் ஈரம் வற்றியிருக்கும், வற்றிய எனாமல் சுண்ணாம்புபோல் வெளுத்துத் தெரியும். எச்சிலில் ஊறி ஈரம் திரும்பியதும் நிறம் சற்று இறங்கும். மறுநாள் காலை, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான கணக்கு அதுதான்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். அந்த அடிபட்ட முன்பல்.

அது முன்பைவிடக் கறுக்கவில்லை. சுற்றியிருக்கும் பற்கள் வெளுத்ததால் அதன் கறுப்பு எடுத்துக் காட்டுகிறது. சிறுவயதில் அடிபட்ட பல் பல ஆண்டுகள் கழித்துச் சாம்பல் நிறமாக மாறினால், உள்ளே நரம்பு இறந்திருக்கலாம் என்பதுதான் எங்களுக்கு முதலில் வரும் ஐயம். அப்படிப்பட்ட பல் வலிக்காது. ஐஸ் பட்டாலும் கூசாது. வலிக்கவில்லை என்பதாலேயே பலர் பத்து இருபது ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேரின் நுனியில் எலும்புக்குள் கிருமித் தொற்று சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம். என்றாவது ஒரு நாள் ஈறில் சிறு கொப்புளமாகவோ முக வீக்கமாகவோ அது வெளிப்படும். சில பற்களில் நரம்பு இறக்காமல், உள்ளறை சுண்ணாம்பு படிந்து அடைபட்டு நிறம் மாறுவதும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு. எது என்று ஒரு எக்ஸ்ரேயும் குளிர்ச் சோதனையும் சொல்லிவிடும்.

நரம்பு இறந்திருந்தால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும். அதன் பிறகு பல்லின் உள்ளறையிலேயே வெளுக்கும் மருந்தை வைத்து, தற்காலிகமாக அடைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றுவோம். பல பற்கள் இப்படி உள்ளேயிருந்து நல்ல நிறத்துக்குத் திரும்புகின்றன. வெளியே ட்ரேயில் வைக்கும் ஜெல்லால் அந்தப் பல்லுக்குப் பெரிய பலன் இருக்காது. எனவே வரிசை இதுதான்: முதலில் அந்தப் பல், பிறகு மற்றவை. மாற்றிச் செய்தால் இப்போது நடப்பதுதான் இன்னும் கூடும். 31 பல்லும் பளிச்சென்றிருக்க ஒன்று மட்டும் நிழலில் நிற்கும்.

ஈப்போவரை போகத் தேவையில்லை. அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்து, சொத்தை இருந்தால் அடைத்து, பற்காறையும் எடுத்துவிடலாம், சில ரிங்கிட் செலவில். பற்காறையை எடுத்ததுமே பாதி மஞ்சள் போய்விடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தே தாரிக், கோப்பி ஓ, கறி மஞ்சள் எல்லாம் பல்லின் மேற்பரப்பிலும் காறையிலும் படியும் கறைகள். அவற்றுக்கு ஜெல்லே வேண்டாம். பல் மருத்துவர் என்ற பெயரில்லாமல் அழகு நிலையத்திலோ வீட்டு வரவேற்பறையிலோ ‘பல் வெண்மை’ செய்து தருவதாக யாராவது அழைத்தால் போகாதீர்கள். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பது குற்றம்.

காறை எடுத்தும் மஞ்சள் போகவில்லை, வெண்மை வேண்டுமென்றால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். அதில் தவறொன்றுமில்லை. தனியார் கிளினிக்கில் அச்செடுத்து, உங்கள் பல்லோடு ஒட்டி ஈறு ஓரத்தில் நிற்கும் மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். 10 விழுக்காடு ஜெல் போதும் என்று கேட்டே வாங்குங்கள். செலவு சில நூறு ரிங்கிட் ஆகும், 49 அல்ல. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கூச்சப் பற்பசையால் துலக்குங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசி அளவு ஜெல், வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உங்களைப் போல் ஏற்கெனவே கூசியவர்களுக்கு நான் தினமும் வைக்கச் சொல்வதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதலில் இரண்டு மணி நேரம். கூச்சம் எட்டிப் பார்த்தால், ஜெல்லுக்குப் பதிலாகப் பொட்டாசியம் நைட்ரேட் ஜெல்லையோ பசையையோ அதே ட்ரேயில் 10 முதல் 30 நிமிடம் வைக்கலாம். அது குழாயை அடைப்பதைவிட நரம்பையே அமைதிப்படுத்துகிறது, அதனால்தான் இந்த வகைக் கூச்சத்துக்கு நன்றாகக் கேட்கிறது. இரண்டு மூன்று வாரம் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலோருக்குக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்துவிடும்.

அந்த வாரங்களில் வெள்ளை நிற உணவு மட்டும் சாப்பிட வேண்டும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. கோப்பி குடியுங்கள், குடித்த பின் தண்ணீரால் கொப்பளியுங்கள். சிகரெட் மட்டும் வேறு கதை, அதைத் தவிர்த்துவிடுங்கள். முன்பல்லில் பழைய அடைப்பு இருந்தால் அது வெளுக்காது, பல்லுக்கு மாட்டிய உறையும் (கேப்) வெளுக்காது. மாற்ற வேண்டுமானால் வெண்மைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து, புது நிறத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் முறை. கிடைத்த வெண்மை ஓரிரண்டு ஆண்டு நிற்கும், சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூடுதல். மங்கினால் அதே ட்ரேயில் இரண்டு மூன்று இரவு போதும், ஆகவே ட்ரேயைத் தூக்கி எறிய வேண்டாம். கருவுற்றிருந்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ இதையெல்லாம் தள்ளிப்போடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் எலுமிச்சையும் உப்பும்? அவரிடம் நயமாக மறுத்துவிடுங்கள். எனாமல் கரையத் தொடங்கும் அமில எல்லை பிஎச் அளவில் ஏறத்தாழ 5.5. அந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். எலுமிச்சைச் சாறு அதைவிட மிகக் கடுமையான அமிலம், 2க்கும் 3க்கும் இடையில். சாறு எனாமலை இளக்கும், உப்பு அதைத் தேய்த்தெடுக்கும். ஓரிரு நாள் பளிச்சென்று தெரிவது எனாமலின் மேல்படலம் போனதால்தான். எனாமல் மறுபடி வளராது. மெலிந்த எனாமலின் வழியே கீழேயுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும். மஞ்சளைப் போக்கத் தொடங்கி மஞ்சளில் போய் முடியும் வைத்தியம் இது. கரித்தூள் பற்பசையும், லயத்து வீடுகளில் பெரியவர்கள் தேய்த்த உமிக்கரியும் மேற்கறையைச் சுரண்டும், உள்நிறத்தைத் தொடாது. அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஈறோரத்தில் பள்ளம் விழுந்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். இப்போது ஊதா நிறப் பற்பசை ஒன்றை விற்கிறார்கள். மஞ்சளை ஊதா மறைக்கும் என்ற வண்ணக் கணக்குதான். சில மணி நேரத்தில் கழுவிப் போய்விடும், கெடுதலும் பெரிதாக இல்லை.

ஒரு சின்ன உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லின் இயற்கை நிறம் காகித வெள்ளை அல்ல. டென்டின் மஞ்சள், அதன் மேல் எனாமல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது, எனவே இளமஞ்சள் சாயல் எல்லோருக்கும் உண்டு. கோரைப்பல் மற்றதைவிட ஒரு படி மஞ்சளாகத்தான் இருக்கும். கைப்பேசித் திரையில் பார்க்கும் பற்களில் பாதி, பீங்கான் உறையோ படத்திருத்தமோ. ஏழெட்டு வயது மாணவன் தன் பால்பற்களோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறான். பால்பல் நிலையான பல்லைவிட வெண்மையானது. முளைத்து வரும் புதுப் பற்கள் அவனுக்கே மஞ்சளாகத் தெரியும் காலம் தொலைவில் இல்லை.

கடைசியாக, உங்கள் அம்மா. மீதி ஜெல்லை அவருக்குக் கொடுக்காதீர்கள். வெற்றிலைக் கறை பல்லின் வெளியே படிவது. காறையெடுக்கும்போது அதில் பெரும்பகுதி வந்துவிடும், பெராக்சைடுக்கு அங்கே வேலையில்லை. பல ஆண்டுகள் பாக்கு மென்றவர்களுக்கு ஈறு இறங்கி, பல் தேய்ந்து, வேர் வெளியே தெரிவதும் வழக்கம். 35 விழுக்காடு ஜெல் அவரைத் துள்ள வைத்துவிடும்.

அவர் விஷயத்தில் நிறம் எனக்குக் கவலையில்லை. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே கூடுதலாக இருப்பதற்குப் பாக்கு மெல்லும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். நீங்கள் கிளினிக்குக்கு வரும் நாளில் அவரையும் அழைத்து வாருங்கள். அதற்குமுன் வீட்டில் பகல் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் நீங்களே பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிறகு, பாக்கு வாயை இறுக்கிவிட்டதா என்று அறிய, வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் உங்கள் பல்லுக்கு வாங்கிய நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, அந்த வாரத்திலேயே அவரை அழைத்து வந்துவிடுங்கள்.